ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்தில் ஒரு பாரிஸ் படம்

1

என் கணவர் ஞானராஜை ஊரில் யாரும் ஏப்ரன் கட்டிப் பார்த்ததில்லை.

சங்கரன்கோவிலில் அவருடைய அண்ணன் வீட்டு முன்னறைச் சுவரில் மாட்டியிருக்கும் படத்தில் அவர் கோட்டும் டையுமாக நிற்கிறார். பின்னால் ஒரு குன்று, குன்றின் உச்சியில் வெள்ளையாய் ஒரு பெரிய தேவாலயம். அந்தக் கோட்டு இங்கே பாரிஸில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய துணிக் குவியலில் கிளறி எடுத்தது. ஒரு கை கொஞ்சம் நீளம், அதை மடித்து நான்தான் தைத்துக் கொடுத்தேன். ஊருக்குப் போட்டோ அனுப்ப வேண்டும் என்றால் மட்டும் அது அலமாரியை விட்டு வெளியே வரும். மத்தியானம் கிடைக்கிற இடைவேளையில் குன்றிலிருந்து இறங்கி வருவார், கோட்டை மாட்டுவார், சிரிப்பார், நான் எடுப்பேன். எடுத்து முடித்ததும் கோட்டை என் கையில் கொடுத்துவிட்டுப் படியேறிப் போய்விடுவார்.

மேலே அவருக்கு என்ன வேலை என்பதை இப்போது எழுதலாம், எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். குன்றின் மேல் ஓவியர்கள் கூடும் ஒரு சதுக்கம் இருக்கிறது. பாரிஸுக்கு வருகிறவர்கள் அதைப் பார்க்காமல் திரும்புவதில்லை. அந்தச் சதுக்கத்தை ஒட்டிய ஒரு உணவகத்தின் பின்கட்டில் உருளைக்கிழங்கு தோல் உரிப்பதும் பாத்திரம் கழுவுவதும் அவர் வேலை. சேர்ந்த நாளிலிருந்து மாரடைப்பு வந்த நாள்வரை, இருபது வருடத்துக்கும் மேலாக அதே வேலை.

அவர் பொய் சொன்னவர் இல்லை. "வேலை எப்டிலே போவுது?" என்று அண்ணன் போனில் கேட்டால், "ஓட்டல்ல இருக்கேண்ணே, ஒரு குறையுமில்ல" என்பார். அவ்வளவுதான். அதிலிருந்து அந்த அண்ணன், எனக்கு அத்தான், அவரை மேனேஜர் ஆக்கினார். ஊர்க் கிறிஸ்தவ சபையில் உள்ளவர்கள் முதலாளியாகவே ஆக்கிவிட்டார்கள். வெளிநாடு போனவனுக்குப் பதவி உயர்வு கொடுப்பது நம் ஊரில் ஊர்க்காரர்கள் வேலை, இதில் நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. கடையநல்லூர்க்காரர்கள் யாரையாவது கேட்டுப் பாருங்கள், துபாய்க்குப் போனவன் கதையும் இதே கதைதான்.

அவர் இறந்து இந்த ஐப்பசியோடு மூன்று வருடம் முடிந்தது. அந்த நினைவு நாளுக்காக எங்கள் மகள் எஸ்தர் ஒரு படம் வரைந்தாள். அந்தப் படம் ஊருக்குப் போய்ப் பட்ட பாட்டைத்தான் சொல்லப் போகிறேன்.

2

எஸ்தர் இங்கேயே பிறந்தவள். வார நாளில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை, சனி ஞாயிறு முழுக்கத் தூரிகை. அவளுடைய தமிழ் என்னிடமிருந்து பாதி, தொலைபேசியில் பெரியம்மாவிடமிருந்து பாதி. அப்பாவையும் "வருது, போகுது" என்றுதான் சொல்வாள். திருத்தித் திருத்தி நான் ஓய்ந்துபோனேன். அவர் மட்டும் ஒருநாளும் திருத்தவில்லை. "புள்ள பாசமாத்தானட்டி சொல்லுதா, விடு" என்பார்.

அவருக்கு என்னைத் திருத்துவதில்தான் சந்தோஷம். நான் வந்த புதிதில் குடியிருப்பு அட்டைக்காக ஒரு அலுவலகத்துக்குப் போனேன். யாரோடு வசிக்கிறாய் என்று அங்கிருந்த அம்மாள் கேட்டாள். நான் என் வீட்டுக்காரரோடு என்பதை அப்படியே அவர்கள் பாஷைக்கு மாற்றிச் சொன்னேன். அவள் வாடகை ரசீதைக் காட்டு என்றாள். வீட்டுக்காரருக்கு எதற்கு வாடகை என்று நான் கேட்க, அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு மேலதிகாரியைக் கூப்பிட்டாள். சாகும்வரை இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார் பாவி மனுஷன். சிரிக்க இப்போது ஆள் இல்லை.

பள்ளிக்கூடம் விட்டதும் எஸ்தர் நேரே குன்றுக்குத்தான் போவாள். நான் முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து வர இரவு ஆகிவிடும். சமையலறையின் பின்வாசல் படியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள், எழுதியது போக மீதி நேரம் ஓவியர்களை வேடிக்கை பார்ப்பாள். அந்தப் படிதான் அவளைக் கெடுத்தது என்று நான் பல நாள் திட்டியிருக்கிறேன்.

இப்போது அவளுக்கு அந்தச் சதுக்கத்தில் உட்கார்ந்து வரைய வேண்டும் என்று ஆசை. ஆசைப்பட்டால் ஆயிற்றா? அங்கே முக்காலி போட நகராட்சியின் அனுமதி வேண்டும். ஒரு கட்டு காகிதத்தைச் சேர்த்துக்கொண்டு போனாள். இதுவரை வரைந்தவற்றின் படங்கள் எங்கே, கண்காட்சி வைத்த சான்று எங்கே, வரி கட்டிய சான்று எங்கே என்று ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு, காத்திருப்போர் வரிசையில் சேர்த்திருக்கிறோம், இடம் காலியானால் சொல்கிறோம் என்றார்களாம். இடம் எப்போது காலியாகும் என்று கேட்டிருக்கிறாள். யாராவது விட்டுவிட்டுப் போனால் என்று பதில். அதனால் அவள் அங்கே நின்றபடி கையடக்க நோட்டில் கிறுக்கிக்கொண்டு வந்து வீட்டில் சாப்பாட்டு மேசை மேல் தீட்டுகிறாள். ஆறு மாதம் எங்கள் வீட்டு ரசத்தில் டர்பன்டைன் வாசம்.

படம் நன்றாகத்தான் வந்தது. கட்டில் தலைமாட்டுப் பலகை அளவு அகலம். சிவப்புக் கூடாரத் துணிகளின் கீழே நெருக்கியடித்து நாற்காலிகள், தட்டேந்தி ஓடுகிற பரிமாறுநர்கள், நடுவே ஓவியர்களின் முக்காலிகள். முகம் வரையக் கொடுத்துவிட்டுக் கழுத்து வலியோடு உட்கார்ந்திருக்கும் ஒரு தடித்த அம்மாள், அவள் காலடியில் தூங்குகிற நாய், அக்கார்டியன் வாசிக்கிற கிழவர், தோளில் பிள்ளையைத் தூக்கி வைத்த ஜப்பான்காரர். பார்த்தால் இரைச்சல் காதில் கேட்கும். இவை எல்லாம் தாண்டி இடது ஓரத்தில், சந்துக்குள் பாதி திறந்த ஒரு பச்சைக் கதவு. கதவருகே ஏப்ரன் கட்டிய ஒரு ஆள் தரையில் குத்தவைத்து, முழங்கால்களுக்கு நடுவே வாளியை வைத்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருக்கிறார். கட்டைவிரல் உயரம்தான் இருப்பார்.

அப்படியே அவர்தான். முதலாளி ஸ்டூல் வாங்கிப் போட்டும் அவர் அதில் உட்கார்ந்ததே இல்லை, குத்தவைத்தால்தான் கை ஓடும் என்பார்.

"ஏட்டி, கோட்டு போட்டு வரையக்கூடாதா? அந்த நாற்காலில ஒண்ணுல அவியள உக்கார வையேன்" என்றேன்.

"அந்த நாற்காலில அப்பா ஒருநாளும் உக்காரல, மா" என்றாள்.

இத்தனை வருடம் அந்தச் சதுக்கத்தின் நாற்காலிகளைத் தினமும் துடைத்து அடுக்கியிருக்கிறார். ஒரு காப்பி வாங்கி வைத்து அதில் ஒன்றில் உட்கார்ந்தவரில்லை.

3

அவள் அதைத் தன் பெரியப்பாவுக்கு அனுப்ப வேண்டும் என்றாள். "பெரியப்பா வீட்ல இருக்கது பொய் அப்பா. இதையும் மாட்டட்டும்" என்றாள். படத்தில் இருப்பது யார் என்று எழுதி வைக்கவா என்றும் கேட்டாள். நான் வேண்டாம் என்றேன். கூடப் பிறந்தவர், ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர், பார்த்தால் தெரியாதா? அவராகவே கண்டுபிடித்து, அவராகவே என்னைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை. கேட்டால் சொல்லிவிடலாம். நானாக எப்படி அந்தக் கோட்டைக் கழற்றுவது?

நினைவு நாளுக்கு மூன்று வாரம் முன்பே அனுப்பியும் பார்சல் சென்னைச் சுங்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. அத்தானிடம் ஆதார் கேட்டார்கள், அனுப்பினார். பிறகு பெயரில் ஒரு எழுத்து ஒத்துவரவில்லை என்றார்கள். பிறகு இது கலைப்பொருளா, வீட்டு உபயோகமா என்று கேட்டார்கள். "வீட்ல சும்மா மாட்டப் போறேன்வே, அதுக்கு என்ன உபயோகம்னு எழுத?" என்று அத்தான் போனில் சத்தம் போட்டாராம். நினைவு நாள் கடந்து, கார்த்திகையும் பிறந்து, கடைசியில் ஒரு புதன்கிழமை பார்சல் வீடு வந்து சேர்ந்தது.

அன்று அத்தான் பேசினார். தவமணி அத்தானைத் தெரியாதவர்கள் அந்தப் பக்கம் குறைவு. உரக்கடை வைத்திருக்கிறார். திருவேங்கடம் பக்கத்துக் கரிசல்காட்டுச் சம்சாரிகள் பருத்திக்கும் மிளகாய்க்கும் உரம் வாங்க அவரிடம்தான் வருவார்கள். சபையில் கமிட்டி மெம்பர் வேறு.

"படம் வந்துட்டும்மா லீலா. அருமையா இருக்கு. எம்புட்டு கூட்டம்!"

"நல்லாப் பாத்தியளா அத்தான்?"

"பாத்தேன், பாத்தேன். நாயி கூடத் தத்ரூபமா இருக்கு."

நாயைப் பார்த்திருக்கிறார். நான் காத்திருந்தேன். அவர் அக்கார்டியன் கிழவரைச் சொன்னார், தடித்த அம்மாளைச் சொன்னார். இடது ஓரத்துக்கு வரவே இல்லை. என்ன பேசுவது என்று தெரியாமல், "எஸ்தரு முழுசா முடிச்ச மொதப் படம் அத்தான் இது" என்று சொல்லி வைத்தேன்.

"அப்டியா! கர்த்தருக்கு ஸ்தோத்திரம்! சரிம்மா, நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

எதைப் பார்த்துக்கொள்வார் என்று நான் கேட்டிருக்க வேண்டும். அந்த ஞாயிறு எங்கள் சபையின் ஸ்தோத்திரப் பண்டிகை. எங்கள் ஆட்களுக்கு முதலில் எது வந்தாலும் அது கர்த்தருக்கு. கன்று ஈன்ற பசுவின் முதல் பால், தோட்டத்தின் முதல் பூசணி, மகனுடைய முதல் சம்பளம், எல்லாம் முதற்பலன் என்று கோயிலுக்குப் போய்விடும். மொதப் படம் என்று சொன்னேன், பண்டிகை வாரத்தில் வந்து சேர்ந்தது. அத்தான் வேறு எப்படி நினைப்பார்? அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. அந்த இடத்தில் நான் இருந்திருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

4

ஞாயிறு காலை. இங்கே விடிந்தும் விடியாத குளிர். காப்பி போட்டுக்கொண்டிருக்கும்போது அத்தானின் மனைவி வசந்தா அக்கா வீடியோவில் கூப்பிட்டாள். பண்டிகைப் பட்டுச்சேலை, தலை நிறையப் பிச்சிப்பூ. அங்கே ஆராதனை முடிந்து மத்தியானம் ஆகியிருந்தது.

"லீலா, எஸ்தரையும் கூப்பிடு. ஒங்க காணிக்கை ஏலம் போவப் போவுது, ரெண்டு பேரும் கண்ணாரப் பாருங்க!"

"என்ன காணிக்கைக்கா?"

"நல்லாக் கேட்ட போ! புள்ள வரைஞ்ச படந்தான்."

கையிலிருந்த கரண்டி காப்பியிலேயே விழுந்தது.

கோயில் வளாகத்தில் பந்தல். மேசை மேல் பூசணி, வாழைத்தார், முட்டைத் தட்டு, பருத்திப் பொட்டலம், காலைக் கட்டிய சேவல். சபை ஊழியரான உபதேசியார் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி ஏலம் கூறிக்கொண்டிருந்தார். இந்த ஏலத்தைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு முட்டை ஒரு கோழியின் விலைக்குப் போகும். வாங்கியவர் அதைத் திரும்பக் கொடுப்பார், மறுபடியும் ஏலம் போகும். மச்சான் கேட்டால் மச்சினன் வேண்டுமென்றே ஏற்றிவிடுவான். சிரிப்பும் கேலியுமாகப் போனாலும் ஒரு விஷயத்தில் மட்டும் கறார். படைத்ததைத் திரும்பக் கேட்கக் கூடாது. வேண்டுமென்றால் எல்லாரோடும் சேர்ந்து ஏலத்தில் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

சேவல் ஏகப்பட்ட விலைக்குப் போனது. அடுத்தது படம். இரண்டு பேர் தூக்கிப் பிடித்தார்கள்.

"பாரிஸ் பட்டணத்துல இருந்து வந்த படம்! நம்ம மறைந்த சகோதரர் ஞானராஜ் மக எஸ்தரு கையால வரைஞ்ச முதற்பலன்! கேளுங்கய்யா, கேளுங்க!"

"என்னவே இது, ஆடித்தபசுக் கூட்டம் மாதிரில்லா இருக்கு!" என்று ஊர்க் கோயில் திருவிழாவை இழுத்தது ஒரு குரல். பந்தல் முழுக்கச் சிரிப்பு.

"அத்தன பேரும் உக்காந்து தின்னுட்டுத்தான் இருக்காவ. வேலவெட்டி கெடையாது போல!"

பஸ் ஸ்டாண்டு அருகே பிரியாணிக் கடை வைத்திருக்கும் ஜேக்கப் என்பவர் முதல் ஏலக் கேள்வி கேட்டார். கடையில் கல்லாவுக்குப் பின்னால் மாட்டப் போவதாகச் சொன்னார். இன்னும் ரெண்டு பேர் ஏற்றினார்கள், ஜேக்கப் அதற்கு மேல் ஏற்றினார். பக்கத்தில் நின்ற அத்தானுக்கு முகமெல்லாம் பூரிப்பு. "நல்ல எடந்தான் ஜேக்கபு, நாலு பேர் பாப்பாவ" என்றார்.

பிரியாணிக் கடைப் புகையில், யாருக்கும் யாரென்று தெரியாமல், மறுபடியும் ஒரு ஓட்டலில் ஓரமாகக் குத்தவைத்திருக்கப் போகிறார். தடுக்க வேண்டும் என்றால் உண்மையைச் சொல்ல வேண்டும். சொன்னால் அத்தனை சபைக்கு முன்னால், பண்டிகை நாளில், அத்தானின் மேனேஜர் தம்பி ஒரே நிமிடத்தில் பாத்திரம் கழுவுகிறவர் ஆகிவிடுவார். சொல்லவும் முடியவில்லை, பார்த்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை.

"ஒரு தரம்! ரெண்டு தரம்!"

எஸ்தர் என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

"பெரியப்பா! குடுக்காதீங்க! அப்பா அதுல இருக்கு! அப்பா அங்க உக்காந்திருக்கு!"

5

வசந்தா அக்கா போனோடு மேசைக்கு ஓடியது ஆடி ஆடித் தெரிந்தது. பிறகு திரை முழுக்க அத்தான் முகம்.

"என்னட்டி சொல்லுதா புள்ள? யாரு எங்கன உக்காந்திருக்கா?"

எஸ்தருக்கு அழுகையில் தமிழ் வரவில்லை. நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"அத்தான், இடது ஓரம் பாருங்க. பச்சக் கதவு தெரியுதா? அதுக்குப் பக்கத்துல வாளி வச்சிட்டு ஒரு ஆளு. அது அவிய."

அத்தான் கண்ணாடியை எடுத்து மாட்டினார். படத்துக்கு மிக அருகில் குனிந்தார். வசந்தா அக்கா போனை அவர் பக்கம் பிடித்தபடி நின்றாள். ஸ்பீக்கரில் நான் பேசுவது எல்லாருக்கும் கேட்கிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"இது சமையக்கட்டு ஆளுல்லா" என்றார்.

"ஆமா அத்தான்."

"கெழங்கு உரிச்சிட்டு இருக்கான்."

"ஆமா அத்தான். அதான் அவிய பாத்த வேலை. கடைசி வரைக்கும் அதான். ஒங்களுக்கு அனுப்புன பணம், வசந்தாக்கா ஆபரேசனு, எஸ்தரு படிப்பு, எல்லாம் அந்த வாளில இருந்து வந்ததுதான்."

இதைச் சொன்னதும் எனக்கே என் மேல் கோபம் வந்தது. இதையெல்லாம் சொல்லவா படத்தை அனுப்பினேன்? அத்தான் படத்தை விட்டுத் தலை நிமிரவில்லை. கட்டிப் போட்ட சேவல் மட்டும் கத்திக்கொண்டிருந்தது.

"எங்கய்யா மாதிரியே குத்தவச்சிருக்கான் பாரு" என்று தங்கள் அப்பாவை நினைத்து மெதுவாகச் சொன்னார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

ஜேக்கப்தான் முதலில் உபதேசியாரைப் பார்த்து வாயைத் திறந்தார். "ஐயா, நான் ஒதுங்கிக்கிடுதேன். அண்ணாச்சியே எடுத்துக்கிடட்டும்."

"ஆமா, ஆமா. அண்ணாச்சிக்கே விட்ருங்க" என்றார்கள் மற்றவர்கள். தணிந்த குரலில், சாவு வீட்டில் பேசுகிற மாதிரி. உபதேசியாரும் தலையாட்டிவிட்டு, அத்தான் பெயருக்கு ஏதோ ஒரு சின்னத் தொகையைச் சொல்லி, "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று சட்டென்று முடிக்கப் பார்த்தார்.

"நிறுத்தும்வே!"

அத்தான் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. எஸ்தர் என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன எல்லாரும் வாய மூடிட்டிய? பரிதாபமா? மேனேஜர்னு நெனச்சப்போ கேட்டியள்லா, இப்பக் கேளுங்க! இப்ப ஒரு சேவலுக்கு அம்புட்டுக் கேட்டிய, இவனுக்குக் கேக்க ஆளில்லியா?"

ஒருவரும் கேட்கவில்லை. அவருக்கு எதிராகக் கேட்பது மரியாதை இல்லை என்று நினைத்தார்களோ, பயந்தார்களோ. தலையைக் குனிந்து நின்றார்கள். அத்தான் பந்தலை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு அவரே கையைத் தூக்கி, சேவல் போன விலைக்கு மேல் ஒரு விலையைச் சொன்னார்.

"ஒரு தரம்..." என்று ஆரம்பித்தார் உபதேசியார்.

அத்தான் அதற்கு மேல் ஒன்று சொன்னார்.

உபதேசியார் மறுபடியும் ஆரம்பித்தார். அத்தான் மறுபடியும் ஏற்றினார். தூக்கிய கை இறங்கவில்லை. உபதேசியார் போய் அவர் தோளைத் தொட்டார்.

"அண்ணாச்சி, எதிர்க்கேள்வி இல்ல. ஒங்க கேள்விக்கு மேல நீங்களே கேக்கிய."

"கேப்பேன்வே" என்றார் அத்தான். "எந் தம்பில்லா."